சவரி அண்ணனின் பதினொரு ஈச்சங்கன்றுகள்

சவரி அண்ணன் போய்விட்டார். முந்தாநாள் விடியற்காலை, தூக்கத்திலேயே... இன்று காலை அடக்கம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

யாங்கோனில் பபேடான் பக்கம் நிறைய பேருக்கு அவரைத் தெரியும். முனிசிபல் பார்க்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், க்யிம்யிண்டைங்கில் வீடு. நம் கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டத் தென்னங்குருத்து கொண்டுவந்து போடுவாரே, அந்தக் கிறிஸ்தவ அண்ணன்.

ஆனால் அவர் மனசு முழுக்க இருந்தது வேறு மரம். குளிர் தாங்குகிற ஈச்சை.

அவருடைய தங்கை ரீத்தாக்கா ஷான் மலையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். ஜனவரியில் அங்கே புல் மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். கீழே இருந்து கொண்டுபோய் நட்ட தென்னை, ஈச்சை எதுவும் முதல் குளிரைத் தாண்டியதில்லை.

அதனால் குருத்தோலை ஞாயிறுக்கு அண்ணன்தான் வருஷா வருஷம் பஸ்ஸில் ஓலை அனுப்புவார். போய்ச் சேருவதற்குள் வாடிவிடும். அதைச் சொல்லும்போதே அவர் முகம் சுருங்கும்.

மலையில் தானாக முளைக்கும் குட்டை ஈச்சை ஒன்று உண்டு. குளிருக்கு அசையாது, ஆனால் ஓலை சின்னது, முரடு. அதன் ஆண் பூவின் தூளை எடுத்துத் தன் வாசலில் நிற்கும் உயரமான பெண் ஈச்சையில் தூவி, இரண்டின் குணமும் உள்ள கன்று எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

சிக்கல் என்னவென்றால், மலை மரம் பூப்பதற்குள் இங்கே உள்ள மரம் பூத்து முடித்துவிடும். தூளை அடுத்த வருஷம் வரை ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டும்... யாங்கோனில், இந்தக் கரண்ட்டில்!

என் வீட்டுக்காரருக்கு லான்மடாவில் பேட்டரிக் கடை. மீ போனாலும் (கரண்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எங்கள் ஃபிரிட்ஜ் ஓடும். அதைக் கேள்விப்பட்டு ஒருநாள் சின்ன பாட்டிலோடு மாடி ஏறி வந்தார்.

எங்கள் ஃபிரிட்ஜில் மீன், முட்டை வைப்பதில்லை. அதனால் நான் கேட்டேன், “அண்ணே, இது சைவமா அசைவமா?”

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். “ஆம்பளப் பூவோட தூளு தங்கச்சி. இன்னும் எதுவும் உண்டாகல. சைவத்துலயே சேத்துக்க.”

மகரந்தம் என்ற சொல்லைப் பிறகு நானே தேடிப் படித்துக்கொண்டேன். ஒரு நோட்டுப் போட்டு, தினமும் மீ எப்போது போனது, எப்போது வந்தது, பேட்டரி எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதி வைத்தேன். மாதம் ஒருமுறை வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிப்பார்.

அதில் ஒரே ஒரு நாள் பொய்.

கந்த சஷ்டி விரதத்துக்கு முன்னால் ஃபிரிட்ஜைக் கழுவினேன். பாட்டிலை எடுத்து ஜன்னல் மேல் வைத்தவள் மறந்தே போனேன். காலை எட்டு மணிக்கு வைத்தது... ஞாபகம் வந்தபோது மணி நாலு.

பயத்தில் அந்த நாளையும் மற்ற நாள் போலவே எழுதிவிட்டேன். விரதம் ஆறு நாளும் முருகன் முன்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

அடுத்த வருஷம் அண்ணன் ஏணி போட்டு ஏறித் தூவினார். குலை முழுக்கக் காய்க்க வேண்டிய மரத்தில் நாற்பது காய்தான் நின்றது. “எங் கை நடுங்குது தங்கச்சி, சரியாத் தூவல” என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டார். நோட்டை வாங்கி அந்த வரியை அடித்து, சரியான நேரத்தைத் தன் கையால் எழுதினார்.

“அடுத்த தடவ ஃபிரிட்ஜக் கழுவுறப்ப எனக்கு ஒரு போன் போடு. நான் வந்து பாட்டிலுக்கு விசிறிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்.”

அந்த நாற்பதில் முளைத்து, தேறி, போன மழைக்காலத்தில் மலைக்குப் பஸ் ஏறியவை பதினொரு கன்றுகள்.

இந்த மாதம் பனி அடித்தது. இலை எல்லாம் பழுப்பாகிவிட்டது என்று ரீத்தாக்கா போனில் அழுதார். இலை போகட்டும், நடுக்குருத்தைப் பார் என்றார் அண்ணன். மெல்ல இழுத்தால் அசையாமல் நிற்க வேண்டும். கையோடு வந்துவிட்டால் உள்ளே அழுகிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் உடனே இழுக்கக் கூடாது. இவற்றுக்கு முன்னால் ஒரு முறை சோதனைக்கு அனுப்பிய வேறு ஈச்சங்கன்றுகளை ரீத்தாக்கா பனி அடித்த மறுநாளே இழுத்துப் பார்த்து, எல்லாக் குருத்தும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கொன்றது குளிரா கையா என்று கடைசி வரை தெரியவில்லை.

அதனால் இந்த முறை கண்டிப்பாகச் சொன்னார், சாம்பல் புதன் வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது என்று. அதற்குள் அவர்...

மலைப் பாதையில் வண்டி ஓடவில்லை, ரீத்தாக்காவால் வர முடியவில்லை. இன்று காலை பெட்டியை மூடுவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தார்.

“லட்சுமி, நான் இப்பப் போயி ஒரே ஒரு கன்னோட குருத்த இழுத்துப் பாக்கட்டா? நின்னுச்சுன்னா நீ எங்க அண்ணன் காதுல சொல்லிரு.”

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தெரிந்துகொண்டு போகட்டுமே என்று...

“வேணாங்க்கா,” என்றேன். “சாம்பல் புதனுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு.”

“சரி, இழுக்கல” என்றார் ரீத்தாக்கா.

சர்ச்சில் எல்லாரும் பூ வைத்துவிட்டு நகர்ந்த பிறகு குனிந்து அதைத்தான் அவரிடம் சொன்னேன். யாரும் கை வைக்கலண்ணே.

மெதுவாப் போங்கண்ணே...