தேய்த்துக் கழுவிய பாறை

பயம் வந்தால் என் கை சும்மா இருக்காது. எதையாவது தேய்க்கும், துடைக்கும்.

போன வருடம் என் மகள் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளோடு ஒரு லாரியின் பக்கவாட்டில் மோதி விழுந்தாள். மாற்று உடை எடுக்க மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த நான், உடையை மறந்து அடுப்படித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஹெல்மெட்டையும் கழுவி வெயிலில் காயவைத்தேன். இரண்டு நாள் கழித்துப் போலீஸ்காரர் விபத்துத் தடயம் பார்க்க அதைக் கேட்டு வாங்கினார். புதிதுபோல் இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இந்தப் பழக்கத்தில் பாதி என் வேலை செய்த கோளாறு. செனாயில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். ஆடிட் வருகிறது என்றால் இயந்திரத்தின் அடியிலிருந்து கழிவறைக் கதவின் கைப்பிடிவரை துடைத்துவிடுவோம். வருகிறவர் கண்ணில் அழுக்கு படக்கூடாது, அவ்வளவுதான்.

மகளுக்கு வலது முட்டி சரியாக மடங்கவில்லை. நடப்பாள். ஆனால் குந்தி உட்கார முடியாது. வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மேடு பள்ளத்தில் நடந்தால் நல்லது என்று பிசியோ செய்கிறவர் சொன்னார். கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், செம்பனைத் தோட்டத்துக்கு இந்தப் பக்கம், ஓர் ஓடை போகிறது. இரண்டு கரையும் அரசாங்க நிலம். பக்கத்து வரிசையில் இருக்கும் ஓர் அண்ணனின் மாடுகள் அங்கேதான் மேயும். மகள் கம்பு ஊன்றி அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். நான் ரோட்டிலேயே நின்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிடுவேன்.

ஒரு நாள் கணுக்கால் வரை சேற்றோடு வந்தாள். முகத்தில் சிரிப்பு.

"மா, மெமெராங் பாத்தேன். நீர்நாய். ஏழு."

"கடிக்குமா?"

"நண்டத்தான் கடிக்கும். உன்ன கடிக்காது."

அவள் அப்படிக் கிண்டலாகப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

அவை நீர்நாய்களிலேயே சின்ன வகையாம், நகமும் சின்னதாம், குறைந்துகொண்டே வருகிற இனமாம். போனிலும் புத்தகத்திலும் தேடித் தேடி எனக்குச் சொன்னாள். மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கி இறங்கிக் கரை இடிந்து கிடந்தது. புல் இல்லை, மறைவு இல்லை, நண்டு வளையெல்லாம் மிதிபட்டுப் போயிருந்தன. கரையோரம் மட்டும் மாடு போகாமல் கம்பி கட்டலாமா என்று கேட்டு வனவிலங்குத் துறைக்கு எழுதிப் போட்டாள். ஆறு மாதத்துக்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகு வனவிலங்கு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். நீர்நாய் அங்கே புழங்குவதற்குப் புது அடையாளம் இருந்தால் கம்பி நிற்கும், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. படம் மட்டும் போதாது என்றும் இருந்தது. எந்த ஓடையில் எடுத்த படம் என்று யாருக்குத் தெரியும்.

மாட்டுக்கார அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"கீரிப்பிள்ள சைசு பிராணிக்கு வேலி. என் மாடு தண்ணிக்கு எங்க போவும், உங்க வீட்டு பாத்ரூமுக்கா?"

"தொட்டி வச்சித் தர்றோம் அங்கிள்," என்றாள் மகள்.

நீலப் பீப்பாயைப் பாதியாக அறுத்து, ஓடையின் மேல்பக்கத்திலிருந்து குழாய் இழுத்து, என் கணவர் லீவு நாட்களில் செய்து முடித்தார். மாடுகள் இரண்டு நாள் சந்தேகமாகப் பார்த்தன. மூன்றாம் நாள் வரிசையில் நின்று குடித்தன. "என் பேச்சக்கூட இப்படிக் கேக்காதுங்க," என்று சொல்லிவிட்டு, கம்பி கட்ட மாட்டுக்கார அண்ணனே சுத்தியலோடு வந்தார்.

ஆறு மாதத்தில் கரையில் இடுப்பளவு புல் ஏறியது. மகள் தினமும் போனாள். ஓடை வளைகிற இடத்தில் ஒரு தட்டைப் பாறை இருப்பதாகவும், அதுதான் முக்கியமான இடம் என்றும் சொல்வாள். ஏன் முக்கியம் என்று நான் கேட்டதில்லை. என் கவலையெல்லாம் பாம்பு, வழுக்கல், அவள் முட்டி.

அதிகாரி வர இரண்டு நாள் இருந்தது. அன்று காலை அப்பாவும் மகளும் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். எனக்கு லீவு. காலையிலிருந்தே கை அரித்தது. இந்த வேலியும் போய்விட்டால் அவள் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாளே என்ற நினைப்பு விடவில்லை. வாளி, ஈர்க்குமாறு, சட்டி தேய்க்கிற கம்பி நார், ஒரு புட்டி பிளீச் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதல் முறையாக ஓடைக்கு இறங்கினேன்.

பாறையைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. கறுப்பாக ஏதோ அப்பிக் காய்ந்து கிடந்தது. நடுவில் நண்டோட்டுத் துணுக்குகள். வாடை பெலாச்சான் இறால் விழுதைக் கொட்டியதுபோல். நாளை மறுநாள் ஓர் ஆபீசர் வந்து இதையா பார்ப்பது?

தொட்டிப் பக்கம் நின்ற மாட்டுக்கார அண்ணன் பிளீச் புட்டியைப் பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, அத மட்டும் ஊத்தாதே. கீழ ஆளுங்க மீன் பிடிக்கிறாங்க."

ஊற்றவில்லை. தண்ணீரும் நாருமாக ஒரு மணி நேரம் தேய்த்தேன். பாறைக்கு இப்படி ஒரு வெளிர் நிறம் உண்டு என்று அதற்கே தெரிந்திருக்காது.

மகள் வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் பாறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மா, இங்க இருந்தது எங்க?"

"அந்த அசிங்கமா? எல்லாம் தேச்சி விட்டுட்டேன்."

"அது நீர்நாயோட எச்சம். ஆபீசர் அதத்தான் பாக்க வர்றாங்க."

எனக்கு ஹெல்மெட் ஞாபகம் வந்தது. அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மாட்டுக்கார அண்ணன்தான் பின்னாலிருந்து கேட்டார்.

"அவசரத்துக்கு நம்ம மாட்டுச் சாணி கொஞ்சம் வச்சிப் பாப்பமா?"

மகள் திரும்பவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆடிட்டு ஆடிட்டுன்னே உன்னக் கெடுத்துட்டாங்கமா," என்றாள்.

மறுநாள் காலை இருவரும் போய்ப் பார்த்தோம். பாறை சுத்தமாகவே இருந்தது. எந்தச் சுத்தத்தையும் நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

அதிகாரி வருகிற நாள் காலையில் நாங்கள் முன்னால் போகவில்லை. போய்ப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. அதிகாரி நடுவயது மலாய்க்காரப் பெண்மணி. ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். புல்லை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். பின்னால் மகள், அவளுக்குப் பின்னால் அவள் சட்டை நுனியைப் பிடித்தபடி நான்.

வளைவில் அவர் நின்றார். வெளிர் பாறையின் நடுவில் மூன்று இடத்தில் கறுப்பாக, ஈரமாக, காலால் மிதித்துத் தேய்த்த மாதிரி பரத்தியிருந்தது. நண்டோடு வெயிலில் மின்னியது. வாடை எங்கள்வரை வந்தது.

"சியாப்பா சூச்சி?" என்றார். யார் கழுவினது?

நான்தான் என்று மலாயில் சொன்னேன். எப்போது என்று கேட்டார். நாளும் நேரமும் சொன்னேன், ஆடிட்டரிடம் சொல்வதுபோல். அவர் எழுதிக்கொண்டார். மற்ற இடங்களில் பழசா புதுசா என்று குழம்பிக்கொண்டிருப்போம், இங்கே இருக்கிற எல்லாமே இரண்டு நாளுக்குள் போட்டது, சந்தேகமே இல்லை என்றார். இடம் சுத்தமானதும் இது எங்களுடையது என்று நீர்நாய்கள் வந்து திரும்பவும் சொல்லியிருக்கின்றன. வேலி நிற்கட்டும் என்று எழுதுவதாகச் சொன்னார். பேனாவை மூடிவிட்டு, "இனிமேல் கழுவாதீங்க லா," என்று மலாயில் இழுத்தார்.

மகள் அதைக் காதில் வாங்கினாளோ என்னவோ. பாறைக்குப் பக்கத்தில் போய், கம்பைப் புல்லில் போட்டுவிட்டு, இன்னும் கிட்டத்தில் பார்ப்பதற்காக அப்படியே குந்தி உட்கார்ந்தாள். முட்டி முழுவதும் மடங்கியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. ஒரு துணுக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மா, இங்க பாரேன். நண்டுக் காலு."

பிறகு எழுந்திருக்க வரவில்லை. "மா, மாட்டிக்கிட்டேன்," என்றாள். அதிகாரி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். மூன்று பேரும் சிரித்ததில் அவளை இரண்டு தடவை திரும்பவும் கீழே விட்டோம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் என் உள்ளங்கையில் அந்த வாடை இருந்தது. அவள் கையைப் பிடித்தபோது ஒட்டியது. மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்வரை கை கழுவவில்லை.