கும்பகோணத்தில் கழற்றிய கரகரப்பு

வெள்ளிக்கிழமை, காலை 6.10. முந்தைய இரவு பெங்களூரில் கிளம்பிய பேருந்து எங்களைத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டது. டிக்கெட் ஆளுக்கு நூற்றுப் பதினைந்து ரூபாய். கையில் ஒரு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், காலால் மிதிக்கிற பெடல் ஒன்று. வழியில் இருவருமே தூங்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.

இருவர் என்றால் நானும் சாலமனும். பெங்களூரில் ஒரே அலுவலகத்தில் கணிப்பொறி வேலை. 1999, தை மாதக் கடைசி. இரண்டாயிரம் பிறந்ததும் கணிப்பொறிகள் குழம்பிவிடும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்ததால் எங்களைப் போன்றவர்களை அமெரிக்காவுக்குக் கொத்துக் கொத்தாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். சாலமனின் விமானம் அடுத்த வாரம். தஞ்சாவூர் லுத்தரன் குடும்பத்துப் பையன் அவன். போவதற்கு முன் தான் படித்த பொறியியல் கல்லூரி விழாவில் ஒரு முறை வாசித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். கிட்டாரும் பாட்டும் அவன். பேஸ் கிட்டார் நான்: நான்கு தடித்த கம்பிகள், கீழ்ச்சுரங்கள். டிரம்ஸுக்கு அந்தக் கல்லூரியிலேயே ஒரு மாணவர் இருந்தார். எங்கள் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து அவருக்கு முன்பே அனுப்பியிருந்தோம்.

சண்டை இசையைப் பற்றி. அவனுக்கு எழுபதுகளின் ராக். எனக்கு அதையே வேகமாக்கி முரடாக்கிய இன்றைய மெட்டல். பழைய பாட்டில் பாதி நேரம் எதற்கோ காத்திருக்கிறார்கள், புதியதில் ஒவ்வொரு அடியும் அளந்து விழுகிறது, இடைவெளியே இல்லை என்பது என் கட்சி.

"மூச்சு விடாம பேசுறவன்கிட்ட என்ன விஷயம் இருக்கும், செல்வி?" என்றான்.

"பேச்சுக்கு நடுவுல நிறுத்துறவன் எதையோ மறந்துட்டான்னு அர்த்தம்" என்றேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஓசூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் வேலை செய்கிறவர்கள். நானாகக் கற்றுக்கொண்ட எந்த விஷயத்திலும் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை.

காலை 9.00. சாலமன் வீட்டில் பெடலைச் சோதித்தோம். கிட்டாரின் மெல்லிய ஒலியை வாங்கி உறுமலாக்கித் தருவது இதுதான். மெட்டலின் முரட்டுத்தனம் முழுவதும் இந்தச் சோப்புப் பெட்டி அளவு டப்பாவுக்குள் இருக்கிறது. மிதித்தால் சத்தமே வரவில்லை. பேருந்தில் யாருடைய பெட்டியோ மேலே உட்கார்ந்திருக்கும். விழாவுக்கு ஒலிபெருக்கி வைக்கப் போகிறவர் கும்பகோணத்து சம்சுதீன், பழுதும் பார்ப்பார் என்றார்கள். சாலமன் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்திருந்தார்கள், அவனால் அசைய முடியாது. நான் கிளம்பினேன். சம்சுதீனின் பெட்டிகளில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று பேஸையும் தூக்கிக்கொண்டேன்.

காலை 10.20, பழைய பேருந்து நிலையம். கும்பகோணத்துக்கு நாற்பது கிலோமீட்டர், எட்டு ரூபாய். நடத்துநர் என் நீளப் பையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"பேஸ் கிட்டாருங்க."

"பாடுமா?"

"தனியா பாடாது. கூட இன்னொண்ணு வேணும்."

"பாடுனாலாவது கேட்டுட்டுச் சும்மா விட்டிருப்பேன். பாடாதுன்னா லக்கேஜ்" என்று இரண்டு ரூபாய்ச் சீட்டு ஒன்றைக் கிழித்தார். முன்வரிசையில் சிரித்தார்கள்.

சம்பா அறுவடை நேரம். அய்யம்பேட்டை தாண்டியதும் சாலையின் பாதி அகலத்துக்குக் கதிர்களைப் பரப்பியிருந்தார்கள். பேருந்து ஏறிப் போனால் நெல் உதிரும். ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவுமில்லை, யாரும் அவரைத் திட்டவுமில்லை. அறுத்த வயல்களில் நெல் தாளுக்கு நடுவே பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. உளுந்து என்றார் பக்கத்தில் இருந்த அம்மாள். "அறுக்கறதுக்கு முன்னாடியே ஈரத்துல விசிறிடுவோம். அறுக்கிறவங்க மிதிச்சு மிதிச்சே அது ஊணிக்கும்."

பகல் 12.00. சம்சுதீனின் கடை கடைத்தெருவை ஒட்டிய சந்தில் இருக்கிறது. வாசலில் குழாய் ஒலிபெருக்கிகள், ஆள் உயரப் பெட்டிகள். எல்லாவற்றிலும் மஞ்சள் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் அவர் பெயரும் ஊரும். நாற்பது வயது இருக்கும். சொந்த ஊர் அதிராம்பட்டினம். ஒன்பது வருடம் குவைத்தில் வானொலி, ஆம்பிளிஃபயர் பழுது பார்த்துவிட்டு வந்து இந்தத் தொழிலை ஆரம்பித்திருக்கிறார்.

"எல்லாத்துலயும் பேரா, பாய்?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு விளம்பரம்னா இதுதாம்மா. மேடையில செட்டு ஒருதரம் கரகரன்னா, கேட்டவன் பேரைப் படிப்பான். நாலு கல்யாணம் கைவிட்டுப் போயிடும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி மெகருன்னிசா குரல் கொடுத்தார். "அவர் காதுக்கு மிக்ஸி சத்தமே ஆகாது. எங்க வீட்டுல இன்னும் அம்மிதான்."

மின்சாரம் இல்லை. இரண்டு மணிக்குத்தான் வருமாம். அதனால் எதையும் போட்டுப் பார்க்க முடியவில்லை. என்ன மாதிரி பாட்டு என்று அவர் கேட்டதால் வாக்மேனைக் காதில் மாட்டிவிட்டேன். அரை நிமிடம் கேட்டார். நிறுத்தி, மூடியைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, நாடா உரசும் ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி கேட்டார்.

"இன்னும் போகலியே."

"அது அழுக்கு இல்ல பாய். பாட்டே அப்படித்தான்."

முழுப் பாட்டையும் கேட்டார். மரியாதைக்காகத்தான் என்று நினைக்கிறேன். "குவைத்துல ஹோட்டல் பேண்டுக்காரங்க எங்க கடைக்கு வருவாங்க. பழைய இங்கிலீஷ் பாட்டு. அது ஏறும், இறங்கும். உங்க பாட்டு ஆரம்பிச்ச எடத்துலயே நிக்குதும்மா. ஆனா வேகமா நிக்குது."

"உங்களுக்குப் பழகல, அவ்வளவுதான்" என்றேன். அவர் வாக்மேனைத் திருப்பித் தந்தார். பெடலைச் சரிசெய்து மறுநாள் கல்லூரிக்கே கொண்டுவருவதாகச் சொன்னார். அந்தப் பெடல் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழுது பார்க்கிறவருக்கு அதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டேன்.

சனிக்கிழமை, மாலை 3.50. கல்லூரி தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சாலையில் பன்னிரண்டாவது கிலோமீட்டரில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. நிகழ்ச்சி ஐந்து மணிக்கு. சம்சுதீன் பெட்டிகளை அடுக்கிவிட்டு, பளபளவென்று துடைத்த பெடலை நீட்டினார். சாலமன் மிதித்தான். கண்ணாடி போலத் தெளிவான ஒலி வந்தது. இன்னொரு முறை மிதித்தான். அதே தெளிவு.

"பாய், உறுமல் எங்க?"

"எடுத்துட்டேன் தம்பி" என்றார் பெருமையாக. "விட்டுப்போன ஒயரைப் பத்த வச்சிட்டுப் பார்த்தா, கரகரங்குது. உள்ளே ரெண்டு டயோடு தலைகீழா நின்னு சத்தத்தோட உச்சியை வெட்டிக்கிட்டு இருந்துச்சு. யாரோ தெரியாத்தனமா வச்சிருக்கான். கழட்டி எறிஞ்சேன்."

சாலமன் தரையில் உட்கார்ந்துவிட்டான். விஷயத்தை நான் விளக்கினேன். சம்சுதீன் பெடலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "காசு குடுத்து வாங்குறதா இதை?" என்று மட்டும் கேட்டார். டயோடுகளும் பற்றவைக்கிற சூட்டுக்கோலும் கடையில். கடை இருபத்தெட்டு கிலோமீட்டரில்.

மேடையோரம் அவசரத்துக்கென்று அவர் வைத்திருந்த பழைய வால்வு ஆம்பிளிஃபயரைச் சாலமன்தான் பார்த்தான். "அந்தக் காலத்துல பெடல் ஏது? இந்த மாதிரி செட்டுல சத்தக் குமிழை முழுசாத் திருப்பி விட்டாங்க. அதுதான் கரகரப்பு."

"அஞ்சுக்கு மேல திருப்ப விடமாட்டேன்" என்றார் சம்சுதீன். "என் பேரு போட்ட பொட்டி. அடுத்த மாசம் இங்கதான் ஆண்டு விழா, மந்திரி வராரு. எனக்குத்தான் சொல்லியிருக்காங்க. இன்னிக்கு கரகரன்னா அது போச்சு."

"அப்ப பேரை மூடிடுவோமா?" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வேனுக்குப் போய், பெட்டிகளுக்குப் போர்த்துகிற நான்கு நீலப் போர்வைகளைக் கொண்டுவந்து, பெயர் தெரியாதபடி கயிறு போட்டுக் கட்டினார். பிறகு குமிழைப் பத்து வரை திருப்பிவிட்டுத் தள்ளி நின்று காதைப் பொத்திக்கொண்டார்.

மாலை 5.15. முதல் பாட்டு புதியது. நன்றாக இல்லை. வேகமான வெட்டுகள் வால்வு செட்டில் ஒன்றோடொன்று குழைந்துவிட்டன. பெடல் ஒவ்வோர் அடியையும் ஒரே அளவில் அரைத்துத் தரும், இந்தச் செட்டுக்கு அது தெரியாது. இரண்டாவது, சாலமனின் எழுபதுகள். அவன் மெல்லத் தொட்டால் ஒலி சுத்தமாக இருந்தது, ஓங்கி அடித்தால் மட்டும் வெடித்தது. ஒரே வரிக்குள் இரண்டும் வந்தன. பின்வரிசை மாணவர்கள் எழுந்துவிட்டார்கள். இன்னொன்றும் கவனித்தேன். டிரம்ஸ் சத்தத்துக்கும் கிட்டாருக்கும் நடுவில் என் பேஸ் தனியாகக் கேட்டது. பெங்களூரில் ஒன்றரை வருடமாக வாசிக்கிறேன், பெடல் உறுமலுக்கு அடியில் என் கம்பிகள் இப்படிக் கேட்டதே இல்லை.

மூன்றாவது பாட்டு நான் அமைத்தது. மெட்டல். நடுவில் பேஸ் மேலிருந்து கீழே இறங்கும் இடம் ஒன்று நான்கு முறை வருகிறது. முதல் முறை இறங்கியபோது கடைசிச் சுரம் பொருந்தாமல் முட்டிக்கொண்டது. பேஸின் கழுத்தில் ஒரு கட்டம் தள்ளி விரல் வைத்திருக்கிறேன். அன்றைக்குத் தவறியதல்ல, விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. ஒத்திகைகளிலும் அங்கேதான் வைத்திருக்கிறேன். தெரிந்த பிறகும் விரல் மாறவில்லை. நான்கு முறையும் அதே தப்பு, அரங்கம் முழுக்க.

மாலை 6.40. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. விழாப் பொறுப்பிலிருந்த பேராசிரியர் மேடைக்கு வந்தார்.

"என்ன பாய், மூணாவது பாட்டுல உன் செட்டு அடிவாங்கிடுச்சே. அடியில டொம்மு டொம்முனு என்னவோ இடிச்சுதே. ஆண்டு விழாவுக்கு வேற ஆள் பார்க்கணும் போல."

சம்சுதீன் வாதாடவில்லை. "எனக்கும் கேட்டுச்சு சார்" என்று சொல்லிவிட்டு, குனிந்து என் பேஸுக்குப் போன ஒயரை ஒவ்வொரு முனையாக இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அந்த ஒயரில் ஒன்றுமில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

"செட்டு நல்லாத்தான் இருந்துச்சு சார். நான்தான் தப்பா வாசிச்சேன்."

"நீ ஏம்மா அவருக்காகப் பேசுற? ஒரு தரம்னா தப்பு. நாலு தரமும் ஒரே மாதிரி எப்படித் தப்பு வரும்?"

பேஸை மறுபடி தோளில் மாட்டினேன். அரங்கில் ஐம்பது அறுபது பேர் இன்னும் இருந்தார்கள், சாலமனும் இருந்தான். முதலில் வாசித்தபடியே தப்பாக வாசித்தேன். இடித்தது. பிறகு விரலைப் பார்த்துக்கொண்டு ஒரு கட்டம் கீழே நகர்த்தி வாசித்தேன். இடிக்கவில்லை. நம்புகிறாரா என்று தெரியாததால் மறுபடி தப்பாக, மறுபடி சரியாக.

"போதும்மா" என்றார் பேராசிரியர். அவர் முகத்தில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. சம்சுதீனிடம், "மந்திரி வர்ற அன்னிக்கு நீயே வந்துடு, மைக்கு மட்டும் மூணு வச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாலமன் கிட்டாரைப் பையில் வைத்தான். அதற்குப் பிறகுதான், "எனக்கும் இவ்வளவு நாளாக் கேக்கலியே" என்றான். சம்சுதீன் போர்வைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மடித்தார்.

"தப்பைக்கூட என் செட்டு என்ன சுத்தமாச் சொல்லுச்சு பாத்தீங்களா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 8.00. பெங்களூர்ப் பேருந்தில் தனியாக ஏறினேன். பழைய இசைதான் உயர்ந்தது என்று எழுத இந்தப் பயணம் போதாது. என் பாட்டுக்கு அந்தப் பெடல் வேண்டும். அதன் வேகமும் கனமும் வால்வு செட்டில் வரவில்லை என்பதையும் அங்கேதான் கேட்டேன். ஆனால் பெங்களூர் அரங்குகளை நினைத்துப் பார்த்தேன். அங்கே பெட்டிகளின் மேல் செய்த கம்பெனியின் பெயர் இருக்கும், கொண்டுவந்து வைத்தவர் பெயர் இருக்காது. ஏதாவது இடித்தால் யார் பெயரையும் யாரும் படிப்பதில்லை. அங்கே பெடல் உறுமலுக்கு அடியில் அந்தச் சுரத்தை இன்னும் பத்து வருடம் நான் தப்பாகவே வாசித்திருக்க முடியும்.