இறங்கச் சொன்ன குரல்

இந்த வீட்டில் என் பேச்சை ஒரு ஜீவனாவது கேட்டால் தேவலை.

அதை அவள் மனதுக்குள்தான் நினைத்தாள். வாய்விட்டுச் சொன்னது வேறு. "அந்த ஜன்னலைச் சாத்துங்களேன், தூறல் உள்ள அடிக்குது." கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தாள். வழக்கம்போலத் தானே போய்ச் சாத்தலாம் என்று எழுந்தவள் நின்றுவிட்டாள். ஜன்னல் சாத்தியிருந்தது. கொக்கியும் போட்டிருந்தது.

"அடேயப்பா, ஒரு சொல்லுக்கே எழுந்துட்டீங்களே."

"யாரு, நானா? நான் அசையவே இல்லையே." தாள் விலகவில்லை.

இதை நம்பும்படி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. அவள் இன்னும் அதே கடையில்தான் வேலை பார்க்கிறாள். போய்க் கேட்டால் மறுக்க மாட்டாள்.

வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடை. நான்கு மாடி. கீழே, நகரும் படிக்கட்டின் ஓரமாக ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு மைக், அதன் முன்னால் அவள். எல்லோருக்கும் அவள் மைக்கக்கா. போர்வைக்குத் தள்ளுபடி என்று அவள் சொன்னால் கூட்டம் அப்படியே மாடிக்குத் திரும்பும். அதே குரலுக்கு வீட்டில் கால் காசு மரியாதை கிடையாது.

மறுநாள் ஓர் அறிவிப்பு. "பணப்பையைத் தவறவிட்டவர் மூன்றாம் மாடிக்கு வரவும்." எதிரே லிஃப்ட் திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை. கதவு மூடியது. மூன்றாம் மாடிக்குப் போய் நின்றது.

"மைக்கக்கா, நீங்க கூப்பிட்டா லிஃப்டுக்கே இருப்புக் கொள்ளல போலிருக்கே!" என்றார் செக்யூரிட்டி. அவளும் சிரித்தாள். அடுத்த அறிவிப்புக்கும் அதேபோல் போனது. அதற்கு அடுத்ததற்கும். அப்புறம் செக்யூரிட்டி சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அன்று மாலை மகளிடம், "உட்காரு, தலை பின்னி விடறேன்" என்றாள். மகள் சோபாவின் இந்த முனையில் உட்கார்ந்தாள்.

மறுமுனையும் அமுங்கியது... மெதுவாக. ஓர் ஆள் கனம்.

அவளுக்கு உடம்பு சில்லிட்டது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்ததே, அதைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்துக் கூசினாள். ஒரு சின்ன சந்தோஷம். கடைசியில் ஒருத்தி என் பேச்சைக் கேட்கிறாள்! அது பெண் என்று ஏன் தோன்றியது, தெரியாது. தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தாள். "விளக்கைப் போடு." எரிந்தது. "துணியை மடிச்சு வை." மடிந்திருந்தது, ஓரத்தோடு ஓரம் பொருந்தி. அவள் மடிப்பதைவிட நேர்த்தியாக.

"யார் நீ?" என்றாள். பதில் இல்லை. "என்ன வேணும் உனக்கு?" பதில் இல்லை. செய் என்றால் மட்டும் செய்தது. கேள்விக்குப் பதில் சொல்ல உள்ளே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை யாரோ வெளியே எடுத்துப் போட்டுவிட்டு வெறும் கைகளை மட்டும் விட்டுவைத்த மாதிரி இருந்தது.



மறுநாள் மத்தியானம் கூண்டுக்குள் மைக்கை அணைத்துவிட்டு மெல்லச் சொன்னாள். "நீ யாருன்னு காட்டு."

ஒன்றுமில்லை. பின் 'கர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். நான்கு மாடி ஒலிபெருக்கிகளும் ஒன்றாக உயிர்பெற்றன. அவளுடைய குரல்தான். ஆனால் அவள் உதடு அசையவில்லை.

"கண்களை மூடுங்கள்... உங்கள் முன்னால் படிகள்... இந்தக் குரல் சொல்வதை மட்டும் செய்யுங்கள்... இறங்குங்கள்... இன்னும் கீழே..."

கூட்டம் நின்றது. போர்வையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கே, யாருக்காகப் பேசியது என்று அவளுக்கு உடனே நினைவு வந்தது.

இரண்டாம் மாடியில் மெத்தை விற்ற ஆள் ஒருவன். எங்கோ வார இறுதி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்து, வேலையை விட்டு, ஹிப்னாட்டிஸ்ட் என்று போர்டு மாட்டிக்கொண்டான். கடையில் அவனுக்கு மெத்தை டாக்டர் என்று பேர். "மெத்தை வித்தவனுக்குத் தூங்க வைக்கவா தெரியாது?" என்று அவனே சிரிப்பான். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஒரு தாளோடு வந்தான். "என் குரல் தகரத்தைச் சுரண்டின மாதிரி இருக்குக்கா. நீங்க படிச்சுக் கொடுங்க, பதிஞ்சுக்கறேன்."

படித்தாள். "இறங்கறது மட்டும்தானே இருக்கு? ஏறி வர்றது?"

"அது எதுக்குக்கா, கண்ணைத் திறன்னா திறந்துட்டுப் போறாங்க."

அதோடு மறந்துபோனாள்.

ஒலிபெருக்கிகள் ஓய்ந்திருந்தன. கண்ணாடியை யாரோ தட்டினார்கள். தோளில் தோல் பையோடு ஒரு பஸ் கண்டக்டர். முகம் வெளிறியிருந்தது.

"இப்ப ஸ்பீக்கர்ல வந்த குரல்... நீங்களா?"

"ஆமா."

"என் தங்கச்சி போன்ல இருந்தது இந்தக் குரல்தான்."

கூண்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். தங்கைக்குக் குழந்தை தங்கவில்லை. அன்றிலிருந்து தூக்கமும் போய்விட்டது. ஆஸ்பத்திரி மாத்திரையில் கொஞ்சம் தேறிவந்தாள். யாரோ சொன்னார்களென்று மெத்தை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். "மாத்திரை மனசை மழுங்கடிச்சுடும், நிறுத்துங்கன்னான். இதைப் போன்ல ஏத்திக் கொடுத்தான். வீட்டுலயே கேளும்மான்னான். கேட்டா. அப்புறம் நாங்க சொல்றது எதுவும் காதுல ஏறல. கண்ணு திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டா. மறுபடி கூட்டிட்டு ஓடினோம். உள்ள இருக்கற அழுக்கு வெளிய வருது, நல்ல அடையாளம்னான். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா எல்லாம் கெட்டுடும்னு தடுத்துட்டான்."

"இப்ப அவங்க...?"

"படகுத்துறைப் படியில இறங்கினா. பட்டப்பகல்ல. படகுக்காரங்க பாத்துட்டேதான் இருந்தாங்க. கால் நனைக்க இறங்கறான்னு நினைச்சாங்களாம். நல்லா நீச்சல் தெரிஞ்சவம்மா. கையைக்கூட அசைக்கல. எடுத்தப்பவும் காதுல இயர்போன் மாட்டியே இருந்துச்சு."

அவள் கண்ணாடியை ஒட்டி வந்து நின்றாள்.

"உங்க மேல கோவமில்லம்மா. இந்தக் குரலுக்கு ஒரு முகம் இருக்கும்ல, அதைப் பாக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்." பையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். இறங்கச் சொன்னது என் குரல். அந்தப் பெண் இறங்கி, செத்த பிறகும் அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டு, என் வீடுவரை வந்து நின்றிருக்கிறாள். நான் அவளைத் துணி மடிக்கச் சொன்னேன்.

என்ன சொல்வது இப்போது? ஏறி வா என்றால் எங்கே ஏறுவாள்? போய்விடு என்றால் அதுவும் இன்னொரு உத்தரவு. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இனிமே நான் சொல்றதைக் கேக்காதேம்மா. யார் சொல்றதையும் கேக்காதே. உனக்கு என்ன தோணுதோ, அதைச் செய்."



கூண்டின் கதவு திறந்தது. யாரும் திறக்கச் சொல்லவில்லை.

படார்!

சாத்திய வேகத்தில் கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டது.

அதில் கோபம் இருந்தது. அந்தக் கைகளில் முதல் முறையாக.

அதன் பிறகு ஜன்னல் தானாகச் சாத்திக்கொள்ளவில்லை. லிஃப்ட் காலியாக ஏறவில்லை. முடிந்தது என்று நினைத்தாள்.

ஒரு மத்தியானம் மெத்தை டாக்டர் வந்தான். வெளியே நல்ல வெயில். அவன் பேன்ட் மட்டும் இடுப்புவரை நனைந்து ஒட்டியிருந்தது.

"அக்கா... அவ வந்துட்டா."

"யாரு?"

"உங்களுக்குத் தெரியும்." பல் அடித்துக்கொண்டது. "கண்ணசந்தாப் போதும்க்கா. முழிச்சுப் பாத்தா படகுத்துறையில நிக்கறேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கீழ. இன்னிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல டாக்டருக்காக உக்காந்திருந்தேன். ஒரு நிமிஷம் கண்ணு சொக்குச்சு..."

நனைந்த பேன்ட்டைக் காட்டினான். பிறகு போனை நீட்டினான்.

"இதைக் கேளுங்க."

அவளுடைய குரல்.

"இறங்குங்கள், டாக்டர்... இன்னும் கீழே... உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது... நல்ல அடையாளம்..."

"இதை நான் பேசலை."

"தெரியும்க்கா. நீங்க பேசினதை, அவளை எடுத்த அன்னிக்கே அழிச்சுட்டேன்." போனைத் திருப்பிக் காட்டினான். அது அணைந்திருந்தது.

குரல் வந்துகொண்டே இருந்தது.

"உங்க குரலுக்குத்தான் அவ கட்டுப்படுவா. நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்." அவனே எட்டி மைக்கின் பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் மைக்கைப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. சொன்னால் கேட்பாளா, தெரியாது. ஒருவேளை கேட்டுவிடுவாள். பழக்கம் அப்படி. அந்தச் சொல் தொண்டைவரை வந்து நின்றது. அந்தப் பெண்ணுக்குள் கையை விட்டு, உள்ளே இருக்கும் ஆளை மறுபடியும் வெளியே எடுத்துப் போட அந்த ஒரு சொல் போதும்.

மைக்கை அணைத்தாள்.

"மாட்டேன்" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.