மங்குஸ்தான் கணக்கு

எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் என்னைச் சேர்த்துக்கொள்ளவே தயாராக இல்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டினால்தான் அந்தக் காலத்தில் சேர்ப்பார்கள். என் கை காதுக்கு எட்டவில்லை. வாத்தியார் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் கூட்டி வாருங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அண்ணன்கள் இரண்டு பேரும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது நான் வாசலில் நின்று கையை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர்கள் போன பிறகு வீடு ஓய்ந்துவிடும். தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. கோபுரம் அப்போது மொட்டையாக, நடுவே பிளந்து நின்றது. குற்றாலத்துச் சாரல் சீசன் தொடங்கிவிட்டால் அந்தப் பக்கமிருந்து வருகிற காற்று தெருவில் ஆளை நிற்கவிடாது. அப்பா கோர்ட்டுக்குப் போய்விடுவார், அங்கே குமாஸ்தா. அம்மாவுக்குத் தம்பியோடு சரியாக இருக்கும். அவன் நோஞ்சான், இரண்டு வயதாகியும் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். தெருவில் என் வயதுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அறைக்குப் பின்னால் அறையாக நீண்டு கிடந்த அந்த வீட்டில், பகல் முழுவதும் யாருக்கும் தேவைப்படாமல் நான் சுற்றிக்கொண்டிருந்தேன். அத்தை மட்டும் இல்லையென்றால் எனக்குப் பேச்சே மறந்து போயிருக்கும்.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. பண்பொழியில் வாழ்க்கைப்பட்டவள். தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ஒத்தாசையாக வந்தவள், பிறகு போகவில்லை. புருஷன் வீட்டிலிருந்து யாராவது வந்து அழைத்தால்தான் போக முடியும். அழைக்காமல் நாமே கொண்டுபோய் விட்டால் பெண் வீட்டுக்கு மரியாதை இல்லை என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். யாரும் அழைக்க வரவில்லை. அவளுக்குக் குழந்தை இல்லை என்பதுதான் காரணம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கிணறு மாதிரி, அடுப்படி மாதிரி, அவளும் வீட்டோடு சேர்ந்தவள் என்றே நினைத்திருந்தேன்.

சமையலை முடித்துவிட்டுப் பின்கட்டில் வந்து உட்காருவாள். "ஏட்டி, இங்கன வா, வெளையாடுவோம்" என்பாள். விளையாட்டு என்றால் எல்லாமே எண்ணுகிற விளையாட்டுத்தான். சாரல் பெய்தால் ஓட்டு விளிம்பில் சொட்டுகிற தண்ணீரை எண்ணுவோம். சாரல் வலுத்துவிட்டால் எண்ண முடியாது. அப்போது எதிர் மதிலில் உட்கார்ந்திருக்கிற காக்கையை எண்ணுவோம். காக்கை ஓரிடத்தில் இராது. எண்ணி முடிப்பதற்குள் ஒன்று பறந்துவிடும், வேறு இரண்டு வந்து உட்காரும். நான் கோபித்துக்கொள்வேன். அத்தை மறுபடியும் முதலிலிருந்து என்பாள். அவளுக்கு அவசரமே கிடையாது. இரண்டு பேருக்கும் பகல் நீளமாகத்தான் இருந்தது.

ஐந்து என்றால் என்ன என்று காட்டுவதற்கு என்னை ஐந்தருவிக்கே கூட்டிப்போனாள். பெரியப்பா குற்றாலத்தில் ஒரு சீசன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவதற்கு முன்னால் அதைக் கூட்டிக் கழுவ அத்தையை அழைத்துப்போவார். நானும் ஒட்டிக்கொண்டேன். வேலை முடிந்து அருவிக்குப் போனோம். ஒவ்வொரு அருவிக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும், கை மூடிக்கொண்டால் ஐந்து. அன்றைக்கென்று பார்த்து மலையில் நல்ல மழை. ஐந்தும் சேர்ந்துகொண்டு ஒரே வெள்ளைச் சுவராக இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு விரலை மடக்கிவிட்டு நின்றேன். மற்ற நாலும் எங்கே என்று கேட்டேன். "உள்ளேதாம்ட்டீ இருக்கு. தண்ணி வடிஞ்சா தன்னால தெரியும்" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏமாற்றப்பட்டதாக நினைத்து அருவிச் சத்தத்துக்கு மேலே அழுதேன். பெரியப்பா, ஊரெல்லாம் குளிக்க வருகிற இடத்தில் இது ஒன்று கணக்குப் பார்க்க வந்திருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அழுகையை நிறுத்துவதற்குத்தான் அவர் மங்குஸ்தான் வாங்கிக்கொடுத்தார். அதிலிருந்துதான் எனக்குக் கணக்கு நிஜமாகவே பிடித்தது. அந்தப் பழத்தின் அடியில், காம்புக்கு எதிர்ப்பக்கம், பூப்போல ஒரு சின்ன அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. அத்தை என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒவ்வொரு இதழாகத் தொட வைத்தாள். ஆறு என்றேன். பழத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பிளந்தாள். வெள்ளை வெளேரென்று ஆறு சுளை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திறக்காமலேயே உள்ளே இருப்பது தெரிகிறது என்றால் அது சாதாரணமா? அடுத்ததில் ஐந்து. திறந்தால் ஐந்து.

"எப்பிடித்தை சரியா இருக்கு?" என்று கேட்டேன்.

"பழம் மனுசனைப் போலயா? பொய் சொல்லத் தெரியாது அதுக்கு" என்றாள்.

அந்த சீசன் முழுவதும் பெரியப்பா குற்றாலத்திலிருந்து வரும்போதெல்லாம் மங்குஸ்தான் வந்தது. சரியாகச் சொன்னால் சுளை எல்லாம் எனக்கு, தப்பினால் ஒன்று அத்தைக்கு என்று ஒப்பந்தம். நான் தப்பவே இல்லை. அத்தைக்கு ஒரு சுளையும் கிடைக்கவில்லை. என் பாவாடையெல்லாம் பழத்தோலின் கறை. அம்மா துவைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டாள்.

மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு நாள் பண்பொழியிலிருந்து ஆள் வந்தான். ஒரு தடவை வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார்களாம். வந்து அழைக்கவில்லை, வரச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். போகவே கூடாது என்றார் அப்பா. போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்றார் பெரியப்பா. அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. கடைசியில் பெரியப்பா சொன்னதுதான் நின்றது.

புறப்படும்போது ஒரு சிக்கல். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக்கூடாது, போனால் உருப்படாது. பெரியப்பா, அப்பா, அத்தை என்று அவர்கள் மூன்று பேர். அண்ணன்கள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். ஆள் கிடைக்காவிட்டால் மடியில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு அதை நாலாவது ஆளாகக் கணக்குக் காட்டுவது உண்டு. பெரியப்பா கல் தேடுவதற்காகக் குனிந்தவர், வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "நாலுக்குத்தான் இவ இருக்காளே. ஏட்டி, கெளம்பு" என்றார். கல்லுக்குப் பதிலாகத்தான் போகிறேன் என்று எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு கணக்கில் சேர்ந்திருந்தேன். அந்தப் பெருமை தாங்கவில்லை.

செங்கோட்டை வரை பஸ், அதற்கப்புறம் குதிரைவண்டி. வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பை நிறைய மங்குஸ்தான் கொண்டுபோனோம். அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு திருமலைக் கோயில் இருக்கிற குன்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வழியிலிருந்த பனைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். வழக்கமாக ஒவ்வொரு எண்ணுக்கும் ம் போடுவாள். அன்றைக்கு ஒரு ம் கூட வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் தூரத்தில் இருப்பதாகத் தோன்றியது.

அந்த வீட்டில் அப்பாவையும் பெரியப்பாவையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அத்தையை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளே போய் முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் மடியில் சாய்ந்துகொண்டேன். மாமா, அதாவது அத்தையின் புருஷன், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசியதெல்லாம் அவருடைய அம்மாதான். அத்தை எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் மாமா வேறொரு பெண்ணைக் கொண்டுவந்துவிட்டார். அது எங்கள் வீட்டுக்கு அரசல்புரசலாகத் தெரியும். அவளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது மட்டும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரசவத்திலிருந்து அவள் எழுந்து நடமாடவில்லை, உள்ளறையில் படுத்தே கிடந்தாள்.

"என் முட்டு ரெண்டும் போச்சு. புள்ளைக்குப் பின்னால யாரு ஓட? வீட்டுக்காரி வீட்டுக்கு வந்துட்டா எல்லாம் சரியாப் போகும்" என்றாள் அந்த அம்மாள்.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்தனை நாளும் வீட்டுக்காரி நெனப்பு வரலை. புள்ள தூக்க ஆள் வேணும்னதும் வந்துட்டுதாக்கும்" என்றார்.

அப்பா எழுந்தேவிட்டார். மாமா தூணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பேச்சு ஏறிக்கொண்டே போனது.

அதற்குள் முற்றத்துக்கு அந்தக் குழந்தை வந்துவிட்டான். அரைஞாண் கயிறு ஒன்றைத் தவிர அவன் உடம்பில் ஒன்றும் இல்லை. சீவாத தலை, வாயில் கட்டைவிரல். நடந்து வந்து அத்தையின் முன்னால் நின்று அவளையே பார்த்தான். பிறகு பையைப் பிடித்து இழுத்தான். அத்தை ஒரு பழத்தை எடுத்துத் திருப்பி, அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, அடியில் இருந்த பூவின் மேல் வைத்தாள். ஒன்று, இரண்டு என்று சொன்னாள். அவன் எங்கே எண்ணினான்? பூவையே கடிக்கப் போனான். அத்தை சிரித்துவிட்டாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பழம், என் விளையாட்டு. மூக்கு ஒழுகுகிற ஒரு பயலுக்கு அதை எடுத்துக் கொடுக்கிறாளே என்று நினைத்தேன். எழுந்து போய் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டேன். யாராவது என்னைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை.

"ஏட்டி, எந்திரி, போவோம். நாம இருக்க எடம் இல்ல இது" என்றார் அப்பா அத்தையிடம்.

அத்தை எழவில்லை. குழந்தை அவள் மடியில் ஏறி உட்கார்ந்து சுளையைச் சப்பிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலேயே, "நான் இங்கனயே இருக்கேன் அண்ணே" என்றாள்.

பெரியப்பா, யோசித்துத்தான் சொல்கிறாயா என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் தலையை மட்டும் ஆட்டினாள். மாமாவின் முகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போவோம் வா என்று கத்தினேன். அவள் என்னை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். மறு கை அவனைப் பிடித்திருந்தது. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஒனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சு போச்சுல்லா மக்கா. இவனுக்கு ஒண்ணுமே தெரியல, பாரு" என்றாள்.

திரும்பி வரும்போது நாங்கள் மூன்று பேர்தான். பெரியப்பா கல் தேடவில்லை. அப்பா செங்கோட்டை வரை என்னைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

அதற்கப்புறம் வீடு இன்னும் நீளமாகிவிட்டது. சாரல் பெய்தது, ஓட்டில் தண்ணீர் சொட்டியது, நான் பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். என் ஏக்கத்தைப் பார்த்து அப்பா ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கே, எண்ணு பார்ப்போம் என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கினேன். அத்தை சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது. எல்லாம் தெரிந்துவிட்டதால்தானே என்னை விட்டுப் போனாள்! மூன்றுக்கு அப்புறம் ஆறு என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே திருத்தினார். மறுபடியும் ஆறு என்றேன்.

கை ஒருவழியாகக் காதைத் தொட்டு என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் விடவில்லை. வாத்தியார் உள்ளங்கையில் பிரம்பால் போட்டார். அண்ணன்கள் எனக்கு மக்கு என்று பட்டம் கட்டினார்கள். அம்மா பயந்துபோய் மந்திரித்து ஒரு தாயத்துக் கட்டினாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பிள்ளைக்குக் கணக்கெல்லாம் மறந்துவிட்டது என்று யாராவது பண்பொழிக்குச் சொல்லி அனுப்பத்தானே வேண்டும்? சொன்னால் அத்தை அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுவாள்.

ஒரு சாயங்காலம் அம்மாவே அந்தப் பேச்சை எடுத்தாள். "அவ இருந்தா இவ இப்பிடி ஆயிருக்க மாட்டா. ஆளு விட்டுக் கூப்பிடுங்களேன்" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கூப்பிட்டா வர மாட்டா. அந்தப் பய அவளை அம்மான்னு கூப்பிடுதானாம்" என்றார் அப்பா. அம்மா விளக்கேற்ற எழுந்து போய்விட்டாள்.

அவன் அம்மா என்று கூப்பிட்டால் என்ன, நான் அத்தை என்று கூப்பிடவில்லையா? இரண்டும் கூப்பிடுகிற பெயர்தானே என்றுதான் எனக்குப் பட்டது. மறுநாளும் பள்ளிக்கூடத்தில் மூன்றுக்கு அப்புறம் ஆறு என்றே சொன்னேன்.