சைவக் கடல்

சட்டையைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே சென்னிமலை கூடத்துக் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார். கொஞ்சம் யோசிக்கிறார். "உப்புப் பத்தாதுங்க" என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து நிற்கும் என்னிடம் சொல்லிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து ஒரு கரண்டி அள்ளிக் கரைக்கிறார். உப்பை அளக்கும் கருவி பக்கத்திலேயே கிடக்கிறது. நாக்குக்கு அப்புறம்தான் அவருக்கு அதன் மேல் நம்பிக்கை.

தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுப்பதுதான் இவர் பார்க்கும் வேலை. சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். பகலெல்லாம் அங்கே இயந்திரங்கள் இரைந்து உப்பை வடித்துத் தள்ள, இவர் மீட்டர் முள்ளையும் குமிழையும் பார்த்தபடி காவல் நிற்கிறார். மாலையில் நல்லூர் வீட்டுக்கு வந்ததும் கேனில் வாங்கிய நல்ல தண்ணீரைக் கடலாக்க உட்கார்ந்துவிடுகிறார். "அங்க எடுக்கறது பொழப்புங்க. இங்க போடறது பிரசர் மாத்திரைங்க."

மாத்திரை என்பது உண்மைதான். ரத்த அழுத்தம் ஏறியபோது, மீன் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீன் என்ற சொல்லே அந்த வீட்டில் அதுவரை புழங்கியதில்லை. சென்னிமலை பரம்பரையாக முருக பக்தர். முட்டை வாசம் பட்டால் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போகிறவர். கம்பெனியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கை மூக்கருகே பிடித்து நன்றாக விசாரித்துவிட்டுத்தான் வாயில் போடுவார். பல சமயம் போடமாட்டார்.

அப்படிப்பட்டவர் ராபின் கடையில் போய் நின்றார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, பிறகு கலர் மீன் கடை போட்டவர் ராபின். அங்கே கட்டைவிரல் நீளத்தில் ஒரு மாண்டரின் மீன். நீலத்தில் ஆரஞ்சு வளைந்து வளைந்து ஓடியது. "ரெண்டு கலரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்குதுங்க பாருங்க" என்று மயங்கி வாங்கிவந்தார். அதுவோ தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு ஒட்டியது.

"அண்ணாச்சி, இது பொட்டலத் தீவனம் தொடாது. உசுரோட துள்ளுததத்தான் கொத்தும்" என்று ராபின் ஒரு பாட்டிலை நீட்டினார்.

பாட்டிலில் தூசி மிதக்கும் தண்ணீர். வெளிச்சத்தில் பிடித்தால் தூசி துள்ளியது. துடுப்புக்காலிகள் என்னும் பொடிப் பூச்சிகள். கடலில் மிதந்து அலையும் சின்னஞ்சிறு உயிர்களில் பெருங்கூட்டம் இவைதான். கண்ணுக்குத் தெரியாத பாசித்துகளை இவை தின்னும். இவற்றை மீன்குஞ்சும் சாளை மீனும் தின்னும். சாளையைப் பெரிய மீன் தின்னும். கைப்பேசியில் இதையெல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்ட சென்னிமலை, கேபிள் காசு வாங்க வந்தவரையும் விடுவதில்லை. "இதுங்க இல்லீன்னா கடலே பட்டினிங்க."

உயிரைக் கொடுத்து உயிரை வளர்ப்பதா என்று முதலில் தவித்தார். கண்ணுக்குத் தெரியாததில் பாவம் சேராது என்று தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு, மொட்டைமாடியில் கேன் கேனாகப் பாசி ஏறிய பச்சைத் தண்ணீரும் பூச்சியும் வளர்த்தார். அத்தோடு விட்டிருக்கலாம். துணியில் இழை எண்ணும் சிறு கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து உற்றுப் பார்த்தார். ஒரு பூச்சியின் வால்பக்கம் முட்டைப் பை தொங்கியது. "புள்ளத்தாச்சிங்க!" என்று கண்ணாடியைக் கீழே வைத்தவருக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மீனுக்கு இறங்கியது.

கந்தசஷ்டி வந்தது. பாலும் பழமுமாக விரதம் தொடங்கினார். வீட்டைக் கழுவிய அவர் மனைவி சித்ரகலா மாடியையும் சேர்த்துக் கழுவினார். "ஏனுங்க, கேனெல்லாம் பாசம் புடிச்சுக் கெடந்துச்சு. பிளீச்சிங் போட்டுக் கழுவிக் கவுத்துட்டனுங்க" என்று அவர் சொன்னபோது, சென்னிமலையால் கோபிக்க முடியவில்லை, விரதத்தில் கோபம் கூடாது. ராபினிடமும் அப்போது இருப்பு இல்லை. தொட்டியில் மிச்சமிருந்ததை மீன் பொறுக்கித் தின்று தீர்த்தது. பிறகு கூடத்தில் அவரும் தொட்டியில் அதுவுமாகப் பட்டினி கிடந்தார்கள். சூரசம்ஹாரம் முடிந்து அவர் சோற்றில் கை வைத்த அன்று மீன் மல்லாந்துவிட்டது. சித்ரகலாதான் அதிகம் அழுதார்.

சென்னிமலை தொட்டியைக் காலி செய்ய மனமில்லாமல் வைத்திருந்தார். கல் இடுக்கில் ஒளிந்து தப்பிய பூச்சிகள், தின்ன ஆளில்லாததால் பெருகத் தொடங்கின. கொஞ்ச நாளில் தொட்டி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் துள்ளின. அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது. கொலை இல்லை, பாவம் இல்லை, ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. "மீன் எங்கீங்க?" என்று கேட்டவர்களிடம், "மீன் இல்லீங்க. இப்ப இது சுத்த சைவமுங்க" என்றார்.

அந்தச் சைவம் நாற ஆரம்பித்தது. தண்ணீர் கலங்கியது. புள்ளிகள் துள்ளாமல் அடியில் படிந்தன. ராபின் வந்து மோந்து பார்த்தார்.

"திங்க ஆளில்லாம பெருத்துப் போச்சு அண்ணாச்சி. அதுக்குள்ள பாசியும் பத்தல, கழிவும் சேந்துட்டு. இப்படியே விட்டா மொத்தமும் செத்துரும்."

"அப்பக் கொன்னாத்தான் பொழைக்குமுங்களா?"

"கடல்ல அப்படித்தான் நடக்குது. நானா சட்டம் போட்டேன்?"

சென்னிமலை அடியில் படிந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து சித்ரகலாவின் குரல்தான் வந்தது. "மீனைக் கொண்டாந்து உடச் சொல்லுங்க. சும்மா செத்து நாறுறதுக்கு ஒண்ணோட வயித்துக்காவது போகட்டுமுங்க."

பாதித் தண்ணீரை மாற்றி, பாசி வளர்த்து, தெளிய வைக்க நாளாயிற்று. போன வாரம் ராபின் இன்னொரு மாண்டரினைப் பையில் கொண்டுவந்தார். நானும் கூட இருந்தேன். தொட்டியில் மிதந்த பையின் வாயைச் சென்னிமலையே அவிழ்த்துவிட்டார். மீன் மெல்ல அடிக்கு இறங்கியது. ஒரு கல்லருகே நின்று, துள்ளும் புள்ளி ஒன்றைக் குறிவைத்து வாயைக் குவித்தது.

சென்னிமலை தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். நைவேத்தியத்தின்போது சன்னதியில் திரை போடுவதுபோல் தொட்டியின் முகத்தை மூடி, இரண்டு முனையையும் இழுத்துச் செருகினார். பிறகு சத்தம் போடாமல் வெளியே வரும்படி எங்களுக்குக் கை காட்டினார்.