மெழுகு ஆப்பிளில் இரண்டு பல்

அன்று செவ்வாயா புதனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பேசியவை வார்த்தை மாறியிருக்கலாம்; கடிகாரத்தையே பார்த்தபடி வேலை செய்ததால் நேரம் மட்டும் நினைவிருக்கிறது. என் ஞாபகத்தை நானே முழுதாக நம்புவதில்லை. ஆனால் என் வலது ஆள்காட்டி விரல் எதையும் மறக்கவில்லை. இன்றும் அந்தக் கையால் என்னால் சாப்பிட முடிவதில்லை. ஸ்பூன்தான்.

விற்பனைக்கு வரும் பழைய வீடுகளை, ஆள் குடியிருக்கும் வீடுபோல ஜோடித்துக் கொடுப்பது என் வேலை. வாடகை சோபா, வாடகை மெத்தை, வாடகைத் திரைச்சீலை. சாப்பாட்டு மேஜையில் நான்கு பேருக்குத் தட்டு. நடுவே கண்ணாடிக் கிண்ணம் நிறைய மெழுகுப் பழங்கள். நிஜ உணவு ஒரு துளிகூட வைக்க மாட்டேன். எறும்பு வரும்.

அன்று நான் ஜோடித்த வீட்டை ஏற்கெனவே நான்கு பேர் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போயிருந்தார்கள். பின்னறையில் ஒரு நாற்றம். பல நாள் விளக்காத வாயை முகத்தருகே திறந்ததுபோல. பினாயில் ஊற்றினால் பினாயிலும் சேர்ந்து நாறியது.

காலையில் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"நாலு மணிக்கு ஒரு புருஷன் பொண்டாட்டி வர்றாங்கம்மா. அவங்க அம்மாவுக்குத்தான் கீழ ரூம் தேடுறாங்க. அந்தப் பின்னறைய நல்லா பண்ணிடுங்க. இதுவும் கைநழுவிப் போச்சுன்னா, அப்புறம் எந்த வீட்டுக்கும் உங்களை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்."

"அந்த ரூம்ல யாரு சார் இருந்தாங்க?"



"அப்பா. ஆஸ்பத்திரியில தவறிட்டாரு."

பகல் 2:40. பெயிண்டர் பின்னறையில் உட்கார்ந்து, ஜன்னலின் மரக்கட்டையில் இருந்த பள்ளங்களை பெயிண்டுக்கு முன் பூசும் வெள்ளைப் பட்டிப் பசையால் அடைத்துக்கொண்டிருந்தார்.

"இது மூணாவது தடவைக்கா. நேத்து பூசினது காலையில இல்ல. எலி கொறிச்சிருக்கு."

"எலி பட்டியத் தின்னுமா?"

"என் சமையலையே தின்னுது. இதத் தின்னாதா?"

சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. மரத்தில் இரண்டு பள்ளம், நடுவே ஒரு விரல் இடைவெளி. அடுத்து அதேபோல் இரண்டு. அடுத்தும்... கட்டை நெடுக. எந்த எலிக்கும் அவ்வளவு அகலமான வாய் கிடையாது.

பட்டியை என் விரலாலேயே வழித்து, மீதிப் பள்ளங்களை அடைத்தேன்.

3:05. பெயிண்டர் டீ குடிக்கப் போனார். வீட்டில் நான் மட்டும்.

3:12.

சப்... சப்... சப்...

சாப்பாட்டு அறையிலிருந்து வந்தது. போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. ஒரு நாற்காலி மட்டும் பின்னால் தள்ளியிருந்தது. அதன் முன்னிருந்த தட்டில், மென்று துப்பிய சிவப்பு மெழுகு. எச்சில் நூல் நூலாக வழிந்தது. அதில் ஒட்டியபடி ஒரு நரைமுடி.

கிண்ணத்தில் ஆப்பிள் கடிபட்டிருந்தது. இரண்டு பள்ளம். நடுவே ஒரு விரல் இடைவெளி.

தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

துடைக்கும் துணி பின்னறையில் கிடந்தது. போனேன்.

3:20. ஜன்னல் கட்டையில் பட்டி இல்லை. நக்கித் தீர்த்த தட்டுபோல மரம் ஈரமாக மின்னியது.

துணியை எடுக்கக் குனிந்தேன்.

அந்த நாற்றம் காதோரம் வந்தது. மூச்சு...

என் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. விரல் நுனியில் காயாத பட்டி...

விரல் எதற்குள்ளோ போனது.

ஈரம். சூடு. வழவழவென்று ஈறு.

உறிஞ்சியது.

பிறகு... இரண்டு பல்.

கத்தினேனா, தெரியாது. பெயிண்டர் திரும்பி வந்தபோது குழாயடியில் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, கையக் கிழிச்சுக்கிட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல. அந்த டேபிளக் கொஞ்சம் தொடச்சிடுங்க."

நான்கு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பின்னறையில் நாற்றம் துளியும் இல்லை. மனைவி ஜன்னலருகே நின்று மூச்சை நன்றாக இழுத்துவிட்டாள்.

"அம்மாவுக்கு இது போதும்ல? நல்லா காத்து வருது."

கணவர் என் பக்கம் திரும்பினார். "மறைக்காம சொல்லுங்க மேடம். ஏதும் பிரச்சினை உண்டா?"

விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"நல்ல ரூம்," என்றேன்.

எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறார்; வீட்டுக்காரரின் அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில்தான் அவருக்கு வேலை. வாடகைச் சாமான்களைத் திரும்ப எடுக்கப் போன அன்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் குடும்பத்தோடு பதினோரு நாள் ஊர் சுற்றப் போயிருக்கிறார். ஒரு ரொட்டிப் பாக்கெட்டையும் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்து, அப்பாவைப் பின்னறையில் பூட்டிவிட்டு. திரும்பி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. கிழவர் வாயில் மிச்சமிருந்தது இரண்டே பல். வயிற்றில் இருந்தவை சுவர்ச் சுண்ணாம்பு, மரச்சிராய், பாதி மெழுகுவர்த்தி.

வீட்டுக்காரர் வேறு ஊரில் புது வீடு கட்டிக்கொண்டார். பெயிண்டர் இப்போது பழைய வீட்டு வேலைக்கு வருவதில்லை; ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். நான் இதே வேலையில்தான் இருக்கிறேன். மேஜையில் தட்டு மட்டும் வைப்பதில்லை. வீட்டை வாங்கியவர்கள் அங்கேயே குடியிருக்கிறார்கள். அவர்களுடைய அம்மா பின்னறையில். மூன்று வேளையும் அவருடைய தட்டு கழுவினாற்போல் காலியாகத் திரும்புகிறதாம். அம்மா மட்டும் எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாராம்.