ஐம்பது தம்ளரும் ஒரு மைக்ரோவேவ் கிண்ணமும்

செவ்வாய், காலை 9.40. தேனி பேருந்து நிலையத்தில் நான் தூக்கிக்கொண்டு நடந்த சாக்கு, அடிக்கொரு தரம் கலகலவென்று சத்தம் போட்டு என் மானத்தை வாங்கியது.

"சார், சாக்குல என்ன?" என்றார் நடத்துநர்.

"காலி பாட்டில்."

"அம்புட்டையும் நீங்களேவா குடிச்சீக?"

பஸ்ஸே சிரித்தது. திருச்சியில் எங்கள் அடுக்குமாடி முழுக்கக் கேட்டு வாங்கிய ஊறுகாய் பாட்டிலும் ஜாம் பாட்டிலும் என்று விளக்கினேன். யாரும் நம்பவில்லை. டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய், மூட்டைக்குத் தனியாகப் பதினைந்து.

சின்னமனூர் இருபத்து நாலு கிலோமீட்டர். வீரபாண்டி தாண்டியதும் தென்னை, வாழை, நெல் என்று பச்சை மாறி மாறி வர, மேற்கே மலை கூடவே வந்தது. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஓடைப்பட்டிப் பக்கம். திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை முன்னால் இறங்கினேன். மணி பதினொன்றரை.

கொட்டகை செல்வராணியுடையது. கண்ணாடி வேலைக்குப் பேர்போன வடநாட்டுப் பிரோசாபாத்தில் நாலு வருடம் வேலை கற்றுக்கொண்டு வந்து, கணவர் குணசேகரனோடு இங்கே பழைய பாட்டில்களை உருக்கி, குழலால் ஊதித் தம்ளர் செய்கிறார். திருச்சிக் கண்காட்சி ஒன்றில் அவரிடம் இரண்டு தம்ளர் வாங்கியபோது, "பாட்டில் இருந்தா கொண்டாங்கண்ணே, பாட்டில் மட்டும்" என்று சொல்லியிருந்தார். அதற்குத்தான் இந்தப் பயணம்.

உள்ளே நுழைந்ததும் பஜ்ஜி வாசனை. உலை எரிவது பரோட்டாக் கடைகளும் வடைக் கடைகளும் ஒதுக்கிவிடும் பழைய எண்ணெயில். வடிகட்டி, காற்றோடு சேர்த்துப் பீய்ச்சுகிறார்கள். உலையிலிருந்து வெளியேறும் சூடு குழாய் வழியே பக்கத்துச் செங்கல் அறைக்குப் போகிறது. ஊதிய தம்ளர்கள் அதற்குள் மெல்ல ஆறுகின்றன. அதிலும் மிஞ்சும் சூட்டில் தட்டுத் தட்டாகத் திராட்சை காய்ந்துகொண்டிருந்தது. பாட்டில் கழுவிய தண்ணீர் மூன்று தொட்டிகளில் தெளிந்து மறுபடி கழுவவே வருகிறது. இந்த வீட்டில் எதுவும் சும்மா வெளியே போகாது என்று எனக்கு ஒரே குஷி.

அந்தக் குஷிதான் வம்பில் முடிந்தது. வெள்ளிக்கிழமை, இரண்டு தெரு தள்ளித் திராட்சை விவசாயி பேச்சியம்மாள் வீட்டுக் கல்யாணம். வருகிறவர்களுக்குத் திராட்சைச் சாறு கொடுக்க, வழக்கமான பேப்பர் கப்புக்குப் பதிலாக ஐம்பது கண்ணாடித் தம்ளர் கேட்டிருந்தார். வியாழன் காலையில் ஐம்பதும் இல்லையென்றால் பேப்பர் கப்புதான் என்று கறாராகவும் சொல்லியிருந்தார்.

"மெட்ராஸ், பெங்களூருன்னு வித்தாச்சுண்ணே. சொந்த ஊர்ல ஒரு வீட்டுலகூட என் தம்ளர் கெடையாது. இதான் மொத ஆர்டர்" என்றார் செல்வராணி.

பிற்பகலில் அவர் எண்ணெய் எடுக்கப் போனபோது, உதவி செய்கிறேன் பேர்வழி என்று என் சாக்கைச் சம்மட்டியால் உடைத்து, உருக்க வைத்திருந்த கண்ணாடித் துண்டுகளோடு கொட்டிவிட்டேன்.

புதன், காலை 6.00. குணசேகரன் இரும்புக் குழலை உலைக்குள் விட்டுச் சுழற்றி எடுத்தார். தேன்பாகு மாதிரி வர வேண்டிய கண்ணாடிக்குள் கல்கல்லாக ஏதோ தெரிந்தது. செல்வராணி என்னைப் பார்த்தார்.

"அண்ணே, பாட்டில் தவிர என்னத்தப் போட்டீக?"

சாக்கை நினைத்துப் பார்த்தேன். "உடைஞ்ச மைக்ரோவேவ் கிண்ணம் ஒண்ணு இருந்துச்சு... அதுவும் கண்ணாடிதானேன்னு..."

"சரியாப் போச்சு! இங்கன நான் சாதி பாக்குறது கண்ணாடிகிட்ட மட்டுந்தான்ணே. சூடு தாங்குற கண்ணாடி இந்தச் சூட்டுல உருகாது. லேசாக் கரைஞ்சு கலந்தாலும், ஆறயில அது ஒரு அளவு சுருங்கும், இது ஒரு அளவு சுருங்கும். தம்ளரு தன்னால பொளந்துரும்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. புதிதாக உருக்க நேரமும் இல்லை. நீளக் கரண்டியால் கல்லை எல்லாம் வழித்துப் போட்டுவிட்டு, கணவனும் மனைவியும் மாலை வரை மாற்றி மாற்றி ஊதினார்கள். நான் ஒரு மூலையில் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

வியாழன், காலை 7.00. செங்கல் அறையைத் திறந்தபோது முழுசாக ஐம்பத்தைந்து இருந்தன. ஆனால் எண்ணிக்கை இன்னும் முடியவில்லை. இங்கே ஒரு வழக்கம்: தம்ளர்களை மணல் தட்டில் நிறுத்தி, கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றுவார்கள். நூறு எண்ணும்வரை உடையாததுதான் விற்பனைக்கு. உடையாத தம்ளர் டீயைத் தெருவே வந்து குடித்துவிட்டுப் போகும்.

தெரு வந்திருந்தது. பேச்சியம்மாளும் தம்ளரைப் பொதிய வாழைச் சருகோடு வந்துவிட்டார். செல்வராணி ஊற்ற ஊற்ற எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். பதினேழில் ஒரு 'டிக்'. முப்பதில் இரண்டு. நூறு சொல்லி முடித்தபோது எட்டு போயிருந்தன.

"மதினி, நாப்பத்தேழுதான் தேறுது" என்றார் செல்வராணி.

"தப்பு என்னுதும்மா" என்று முன்னால் போய் நின்றேன்.

பேச்சியம்மாள் ஒரு தம்ளரை எடுத்து ஊதி ஊதிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். குழாயடிக்குப் போய்க் கழுவினார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டினார்.

"இந்தா, நீ குடி. ஏத்தா செல்வராணி, ஐந்நூறு பேரு வாராக. ஐம்பது இருந்திருந்தா மட்டும் கழுவாமயா குடுத்திருப்பேன்? மூணு கொறஞ்சா கொஞ்சம் வெரசாக் கழுவிட்டுப் போறோம். இந்தா நிக்கிற அண்ணனையும் இருந்து கழுவச் சொல்லு."

கொட்டகை கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அதில் என் சிரிப்புதான் சத்தமாக இருந்திருக்கும்.

வெள்ளி. அன்று காலை திரும்ப வேண்டியவன், விடிந்ததிலிருந்து பந்தலுக்குப் பின்னால் தம்ளர் கழுவினேன். எங்கள் அடுக்குமாடியில் பத்துப் பேர் கூடினாலே 'கழுவ ஆளில்லை' என்று பேப்பர் கப் வாங்குவோம். இனி அந்தப் பேச்சை நான் எடுக்க முடியாது. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப் போனாலும் ஒன்றும் உடையவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு விடைபெறப் போனேன். பந்தலில் பேச்சியம்மாளும் செல்வராணியும் தம்ளர்களைச் சருகில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் கூடையோடு காத்திருந்தார்.

"எங்க நாத்தனா. அடுத்த வாரம் அவ வீட்டுல காதுகுத்து. பேப்பர் கப்பு வேணாமாம், இதக் குடுங்கன்னு நிக்கிறா" என்றார் பேச்சியம்மாள்.

செல்வராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னா வெயிலுண்ணே" என்றார். நாங்கள் பந்தல் நிழலில்தான் நின்றுகொண்டிருந்தோம்.